உறைகுளிரில் சிற்றுயிர்கள் பிழைக்குமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் பூமியில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் ஃப்ரிட்ஜைத் திறந்தால்தான் உண்டு. அந்த ஃப்ரிட்ஜை வைத்தே நம் வீட்டுப் பெண்கள் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். வண்டு விழுந்த ரவையையும் பயறையும் ஃப்ரீசரில் வைத்தால் வண்டு சாகுமா? அப்படிக் கொல்வது கூடுமா? பிறகு அதைச் சமைத்து உண்ணலாமா? மூன்றுக்கும் விடை காண்போம்.

குளிர் எப்படிக் கொல்கிறது?

உயிர்களின் உடலில் பெரும்பகுதி நீர். அது உறைந்தால் பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். இதிலிருந்து தப்பிக்கச் சில உயிர்களுக்கு அல்லாஹ் இரண்டு வழிகளை வைத்திருக்கிறான். சில பூச்சிகள் கிளிசரால் போன்ற பொருளை உடலில் சேர்த்து நீர் உறையாமல் காத்துக்கொள்கின்றன. வேறு சில, செல்லுக்கு வெளியே மட்டும் நீரை உறையவிட்டு உள்ளே உயிரைக் காக்கின்றன. நியூசிலாந்து மலைகளில் வாழும் வேட்டா என்ற பூச்சியும், வட அமெரிக்காவின் மரத்தவளையும் உறைந்து கிடந்து, பனி விலகியதும் எழுந்து நடமாடுகின்றன. 1983-இல் அண்டார்டிகாவில் எடுத்த பாசியிலிருந்த நீர்க்கரடி என்னும் நுண்ணுயிர், மைனஸ் 20 டிகிரியில் 30 ஆண்டுகள் கிடந்த பின்னும் உயிர்ப்புடன் அசைந்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர்.

இவற்றை "செத்துப் பிழைத்தவை" என்று சிலர் பரப்புகிறார்கள். அது சரியன்று. அவற்றின் இயக்கம் நின்றதே தவிர உயிர் போகவில்லை. மரணித்ததை உயிர்ப்பிப்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது.

நம் பூமியின் உயிர்கள்

நம் பகுதி உயிர்களுக்குச் சோதனை குளிர் அல்ல, வறட்சி. தென்னிந்திய மழைக்குட்டைகளில் வாழும் தேவதை இறால் என்ற சிற்றுயிரின் முட்டைகள், குட்டை வற்றிய பின் காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, மழை பெய்ததும் பொரிக்கின்றன. இப்படிக் காய்ந்த முட்டையில் உறைவதற்கு நீரே இல்லாததால் கடுங்குளிரும் அதை எளிதில் அழிப்பதில்லை. இறந்த பூமியை மழையால் உயிர்ப்பிப்பதை அல்லாஹ் மறுமைக்குச் சான்றாகக் காட்டுவதை (30:50, 41:39) நம் கண்மாய்க் கரையில் நின்றே சிந்திக்கலாம்.

சமையலறையில் என்ன செய்வது?

அரிசி வண்டும் பயறு வண்டும் வெப்ப நாட்டுப் பூச்சிகள். உறைகுளிரைத் தாங்கும் ஏற்பாடு அவற்றுக்கு இல்லை. ஆயினும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் அவை உடனே சாவதில்லை. குளிரில் மயங்கிக் கிடந்து, வெளியே எடுத்ததும் ஊரத் தொடங்கும். எனவே:

- மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் குறைந்தது 4 நாள் வையுங்கள். ஒரு வாரம் வைத்தால் இன்னும் நல்லது. அரிசி வண்டு தானியத்தின் உள்ளேயே முட்டையிடுவதால் ஓரிரு மணி நேரம் போதாது.
- சிறு பொட்டலங்களாகக் கட்டுங்கள். பெரிய பையின் நடுப்பகுதிக்குக் குளிர் சேர வெகுநேரமாகும். நீண்ட மின்வெட்டு ஏற்பட்டால் நாள்களை முதலிலிருந்து எண்ணுங்கள்.
- வெளியே எடுத்ததும் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். குளிர் தணிந்த பின் திறந்தால் ஈரம் சேராது.
- விதைக்கு வைத்த பயறை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். ஈரம் இருந்தால் முளைப்புத்திறன் கெடும்.

ஃப்ரீசர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கடும் வெயிலில் பரப்பிக் காயவைத்ததும், துவரைக்குச் செம்மண் கட்டியதும் பூச்சியைத் தடுக்கும் நல்ல வழிகளே.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உணவைக் கெடுக்கும் பூச்சியை அகற்றவும் கொல்லவும் அனுமதி உண்டு. ஆனால் நெருப்பால் வேதனை செய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (அபூதாவூத்). எறும்பைக் கொல்வதையும் தடுத்துள்ளார்கள். ஆகவே எறும்பு மொய்த்தால் முதலில் வெயிலில் வைத்தோ தட்டியோ விரட்டுங்கள். எல்லாவற்றிலும் நன்முறையைப் பேணச் சொன்ன நபிமொழி (முஸ்லிம்) சிற்றுயிர்களுக்கும் பொருந்தும்.

ஓடும் இரத்தமில்லாத பூச்சி விழுந்து செத்தாலும் உணவு நஜீஸாகாது. பானத்தில் ஈ விழுந்தது பற்றிய ஹதீஸை (புகாரி) அறிஞர்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால் அந்தப் பூச்சியை உண்பது ஹலால் ஆகாது. வெட்டுக்கிளிக்கு மட்டும் நபிமொழியில் விலக்கு உண்டு. எனவே சலித்து, சொளகில் புடைத்து, கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் நீக்க வேண்டும். உணவிலேயே உண்டாகி, பிரிக்க முடியாதபடி கலந்துவிட்ட புழுவை அந்த உணவோடு சேர்த்து உண்பதை ஷாஃபிஈ மத்ஹப் மன்னிக்கிறது. தனியே எடுத்து உண்பதை அனுமதிப்பதில்லை. ஹனஃபி மத்ஹபினர் தங்கள் ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

நான்கு வண்டைக் கண்டதும் மூட்டையையே குப்பையில் கொட்டுவது வீண்விரயம். மழையை நம்பி விதைத்தவர்களின் ஓராண்டு உழைப்பு அதில் இருக்கிறது. சுத்தம் செய்ய முடிந்ததைச் சுத்தம் செய்து உண்போம். பூஞ்சை பிடித்து, வாடை மாறிக் கெட்டதை மட்டும் ஒதுக்குவோம்.

தன் படைப்புகளைச் சிந்திப்பவர்களாகவும், தந்த உணவுக்கு நன்றி செலுத்துபவர்களாகவும் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.