மாகானன் என்கிற ராஜா

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'கெமிஸ்ட்ரி பிராக்டிகல்' என்று எழுதி அடித்துவிட்டு, கீழே பச்சை மையில் '1982, ஆடிப்பெருக்கு' என்று போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கமும் ஸ்கேல் வைத்து நடுவில் கோடு கிழித்தது. இடப்பக்கம் 'நாம படிச்சது'. வலப்பக்கம் 'சரியானது'. பக்கத்தின் அடியில் கணக்கு. முதல் கணக்கு இப்படி: எழுத்து 31, தப்பு 22.

மூன்று பேர் நாங்கள். நான் வேதியியல். உசிலம்பட்டிக்காரன் வரலாறு. செல்லூர்க்காரன் வணிகவியல், அவன் வீட்டில் தறி ஓடியது, கை நேர்த்தியான கை. மதுரையைச் சுற்றிய மலைகளில் இருக்கும் பழைய எழுத்தை நாமே படிக்கக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தோம். முந்தின வருஷம் ஜனவரியில்தான் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்திருந்தது. ஊரெல்லாம் தமிழின் தொன்மையைப் பற்றியே பேச்சு. ஆனால் அந்தத் தொன்மையை ஒரு வரி படிக்கத் தெரிந்த ஆள் எங்கள் விடுதியில் ஒருவரும் இல்லை. அதனால்தான் ஆரம்பித்தோம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அது ஒரு புரோட்டாப் பந்தயம். யார் முதலில் ஒரு வரியை முழுசாகப் படிக்கிறானோ அவனுக்கு மற்ற இருவரும் வாங்கித் தர வேண்டும்.

உசிலம்பட்டிக்காரனின் வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் அசோகன் காலப் பிராமி எழுத்தின் அட்டவணை ஒரு பக்கம் இருந்தது. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் படித்துக் காட்டிய எழுத்து அது. பார்க்க எளிமையாகவே இருக்கும். கூட்டல் குறி போட்டால் க. நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டால் ர. தண்டவாளத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போல இருந்தால் ண. தலைகீழான ஆங்கில டி என்றால் ந. ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவிட்டோம். பல்கலை நகருக்குப் பாண்டியன் பஸ்ஸில் போய், நூலகத்தில் உட்கார்ந்து, குகைக் கல்வெட்டுப் படம் ஒன்றைச் செல்லூர்க்காரன் பட்டர் பேப்பரில் ஒற்றி எடுத்து வந்தான். அதில் ஒரு சொல் பளிச்சென்று இருந்தது. ம, பக்கத்தில் ஒரு சிறு கோடு. க, அதற்கும் ஒரு கோடு. கோடு இருந்தால் நெடில் என்றது அட்டவணை. ஆக, மாகா. மூன்றாவது எழுத்து அட்டவணையில் எங்கேயும் இல்லை. ந-வைத்தான் கல்லை வெட்டியவன் சிற்றுளி வழுக்கிக் கொஞ்சம் வளைத்துவிட்டான் என்று தீர்மானித்தோம். மாகாந. மாகானன்!

"மாப்ள, இது ஒரு ராஜாடா" என்றான் உசிலம்பட்டிக்காரன். யாருக்கும் தெரியாத ஒரு பாண்டியனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றைக்கே புரோட்டா சாப்பிட்டோம். பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று தெரியாததால் மூவரும் பங்கு போட்டுக் காசு கொடுத்தோம்.

மாகானன் பத்து நாள் அரசாண்டார். பதினோராம் நாள், அதே நூலகத்தில் வேறொரு புத்தகம் அவரைக் கீழே இறக்கியது. அந்தச் சொல் 'மகன்'. இன்னாரின் மகன் இன்னார் என்பதில் வரும் சாதாரண மகன்.

எங்கே சறுக்கினோம் என்று தேடிப் போனபோதுதான், எங்களுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மதுரைக்கு வடகிழக்கே மீனாட்சிபுரத்தை ஒட்டிய மாங்குளம் மலையின் கல்வெட்டுகளை ராபர்ட் சீவல் 1882-லேயே குறித்து வைத்தார். அதன்பின் ரொம்ப காலம் அவை எந்த மொழி என்றே தெளிவில்லை. பிராமி எழுத்து என்றால் பிராகிருதம் என்று எடுத்துக்கொண்டு படித்தவர்களுக்குச் சொற்கள் பிடிகொடுக்கவில்லை. 1924-ல் கே. வி. சுப்பிரமணிய அய்யர் ஒரு கட்டுரை படித்தார். பிராகிருதம் என்றால் கட்டாயம் வர வேண்டிய வர்க்க எழுத்துகள் இங்கே வரக் காணோமே என்றார். மாறாக, பிராகிருதத்துக்குத் தேவையே இல்லாத சில புது வடிவங்கள் வருகின்றன. அவைதான் ழ, ற, ன. எழுத்து வடக்கேயிருந்து வந்திருக்கலாம், பேசுகிற வாய் தமிழ்வாய் என்பதுதான் அவர் கண்டது. சிற்றுளி வழுக்கியது என்று நாங்கள் தள்ளிவிட்ட அந்த வளைந்த எழுத்துதான் ன. கதவின் சாவியே அதுதான். அதை நாங்கள் கல்லின் பழுது என்று கணக்கில் எழுதிவிட்டோம்.

பக்கத்துக் கோடு இன்னொரு சங்கதி. அசோகன் பிராமியில் வெறும் எழுத்தைப் போட்டாலே அகரம் சேர்ந்துவிடும். க என்றால் க-தான், க் அல்ல. தமிழுக்கோ க், ம், ன் இல்லாமல் ஒரு வாக்கியம் நகராது. புள்ளி பிறக்காத காலத்தில் என்ன செய்வது? மாங்குளத்துக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். வெறும் எழுத்தை மெய்யாக வைத்துக்கொண்டு, அகரம் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடு வடக்கே ஆகாரத்துக்கு உரியது. அதனால்தான் அசோகன் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கு மகன் மாகானனாகிறான். இப்படி உயிர்க்குறி போடுவதில் மூன்று முறைகள் இருந்தன, மூன்றாவதில்தான் புள்ளி வருகிறது என்று பிரித்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன்.

அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அவர் படித்ததும் வேதியியல், அதன்பின் சட்டம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்தபடி, கல்வெட்டியலைத் தானாகக் கற்றவர். 1965-ல் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரைப் படித்து, சங்கப் பாடல்களில் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பெயருக்குக் கல்லில் இடம் காட்டினார். கணி நந்தன் என்ற துறவிக்குக் கடலன் வழுதி என்ற அதிகாரி பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அது; கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. "கெமிஸ்ட்ரிக்காரனாலயும் முடியும்டா" என்று நான் சொன்னதற்கு, "அவரு ராஜாவைக் கண்டுபிடிச்சாரு, நீ ராஜாவை உண்டாக்குன" என்றான் செல்லூர்க்காரன்.

அந்த மார்கழியில் மாங்குளத்துக்கே போனோம். ஒத்தக்கடையில் இரண்டு வாடகை சைக்கிள், மூன்று பேருக்கு. மலையேறி குகைக்கு முன்னால் போய் நின்றால், தலைக்கு மேல் பாறை நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமலிருக்க வெட்டிய காடி. உள்ளே வழவழவென்று தேய்த்த கற்படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்தவை. ஊர்க்காரர்களுக்கு அவை பஞ்ச பாண்டவர் படுக்கை. எழுத்து? ஒன்றும் தெரியவில்லை. உச்சி வெயில் நேரே அடித்தால் கல்லில் எழுத்து செத்துவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

நாங்கள் செய்த காரியம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பையிலிருந்த சாக்பீஸை எடுத்து எழுத்துப் பள்ளத்தில் தேய்த்தோம். எது எழுத்து, எது பாறை வெடிப்பு என்று தெரியாமல் எல்லாவற்றையும் தேய்த்தோம். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பிகளா, வெள்ளையடிக்க வந்தீங்களா?" என்றார். சாக்பீஸில் தீட்டியதும் எழுத்து தெரிந்தது உண்மை. ஆனால் தெரிந்தது நாங்கள் தீட்டிய எழுத்து. வெடிப்பை எல்லாம் உயிர்க்குறியாக்கி வைத்திருந்தோம். இறங்கிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டு, வெயில் சாயும்வரை கற்படுக்கையில் உட்கார்ந்திருந்தோம். நாலரை மணி வாக்கில் செல்லூர்க்காரன் சத்தமில்லாமல் என் தோளைத் தட்டினான். பாறையில் ழ நின்றது. அன்றைய பக்கத்தின் அடியில்: எழுத்து 40, தப்பு 17, சாக்பீஸ் 1.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த தப்பு யானைமலையில் நடந்தது. விவசாயக் கல்லூரிப் பக்கம் நின்று பார்த்தால் படுத்த யானையேதான். அந்தக் கல்வெட்டு 'இவ குன்றம்' என்று தொடங்குகிறது. இடப்பக்கத்தில் தெம்பாக எழுதியிருக்கிறேன்: 'இவ் குன்றம், அதாவது இந்தக் குன்று'. அர்த்தம் பொருந்திவிட்டதால் யாரும் சந்தேகப்படவில்லை. வலப்பக்கத்தில் ஆறு மாதம் கழித்து எழுதியது: 'இவம் = யானை. வடமொழி இபம்'. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த மலையைப் பார்த்தவனுக்கும் யானைதான் தெரிந்திருக்கிறது. அர்த்தம் வராத தப்பை எப்படியும் பிடித்துவிடலாம். அர்த்தத்தோடு வருகிற தப்பு நம்மோடு குடித்தனம் நடத்தும்.

பிறகு வட்டெழுத்துக்குப் போனோம். அது பிராமியைவிடப் படுத்தியது. ப, வ, ய மூன்றும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி. கீழக்குயில்குடி சமணமலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து வரிகள் உண்டு. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டு. அதில் ஒன்றில் தா, யா, ர் என்று கூட்டி 'தாயார்' என்று நானாகப் படித்தேன். அட்டவணை கையில் இல்லை, புத்தகமும் இல்லை. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அது. துறவு போன பிள்ளையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வெட்டச் சொன்ன அம்மா. மற்ற இருவரும் மேலே சுனைப் பக்கம் போயிருந்தார்கள். கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் கணக்கும் போடவில்லை.

1984-ல் படிப்பு முடிந்ததும் நோட்டும் மூடிக்கொண்டது. செல்லூர்க்காரன் ஜவுளிக்கடைக் கணக்கெழுதப் போனான். உசிலம்பட்டிக்காரன் வாத்தியாரானான். எனக்கு மதுரை ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கும் வேலை. முப்பத்தைந்து வருஷம் ராத்திரி ஷிப்டில் ஊரார் கையெழுத்தைப் படித்தேன். மேலூரா மேலனூரா, திருமங்கலமா திருமங்கலக்குடியா என்று முதல் மூன்று எழுத்தைப் பார்த்துக் கை தானாகத் தூக்கிப் போடும். அங்கேயும் மாகானன்கள் உண்டு; தப்பான பையில் விழுந்த கடிதம் நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்.

நாங்கள் விட்டதை வேறு மாணவர்கள் தொடர்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 2006-ல் தேனிப் பக்கம் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் பேராசிரியர் கா. ராஜனோடு மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை தமிழ்ப் பிராமி பெரும்பாலும் குகையிலும் பானை ஓட்டிலும்தான் கிடைத்தது. இங்கே ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த ஒருவனுக்கு நட்ட கல்லில், தொல்காப்பியம் சொல்லும் 'ஆகோள்' என்ற சொல்லே வெட்டியிருந்தது. செய்தித்தாளில் அதைப் பார்த்த அன்று சார்ட்டிங் கேஸ் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். 2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரமாக்கும் யோசனை வந்து, ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள். அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடையில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை மலையேறும் கூட்டத்துக்குக் கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையடியில் நின்றே படித்துச் சொல்வார். விடிகாலை! வெயில் சாய்ந்து விழும் நேரம். எங்களுக்கு ஒரு மார்கழியை விழுங்கிய பாடம் அது. அதற்கப்புறம் கீழடி அகழாய்வு. பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பதை இப்போது பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள்.

என் தம்பி மகள் பி.காம். இரண்டாம் வருஷம். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து போனில் எழுத்துருவை இறக்கிக்கொண்டு தானாகவே பழகுகிறாள். "உங்ககிட்ட ஏதோ பழைய நோட்டு இருக்காமே பெரியப்பா" என்று போன மாதம் வந்தாள். எடுத்துக் கொடுத்தேன். மாகானனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நடுப் பக்கங்களில் நின்றாள்.

"இது என்ன, ஓரத்துல இன்னொரு கோடு?"

2003-ல் மகாதேவனின் பெரிய புத்தகம் வந்தது. 1991-லிருந்து 96 வரை மறுபடி மலை மலையாக ஏறி, கல்லிலிருந்து நேரே பார்த்து, 1966-ல் தான் வெளியிட்ட வாசிப்புகள் பலவற்றைத் தானே திருத்தியிருந்தார். எங்கள் வலப்பக்கமெல்லாம் அந்த 1966 வாசிப்பைப் பார்த்து எழுதியது. 'சரியானது' என்று தலைப்பிட்ட பத்தியில் உட்கார்ந்து அடித்துத் திருத்த மனசு வரவில்லை. ஓரத்தில் இன்னொரு கோடு கிழித்து மூன்றாவது பத்தி போட்டேன். அதற்குத் தலைப்பு வைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு மாங்குளம் போனேன். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமான பிறகு வருகிறவர்கள் அதிகம். எனக்கு முழங்கால் வலி. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஏறிப்போய் ஒரு மணி நேரம் கழித்து இறங்கிவந்து, தன் நோட்டைக் காட்டினாள். எழுத்து 38, தப்பு 9.

"ஒம்பதுதானா?" என்றேன்.

"நான் கண்டுபிடிச்சது ஒம்பது."

பக்கத்தைத் திருப்பினேன். எல்லாப் பக்கத்திலும் முன்கூட்டியே மூன்று பத்தி கோடு போட்டு வைத்திருந்தாள்.