நான்கெல்லைக்குள் நடுவுபட்டது

2007ஆம் ஆண்டு மழைக்காலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பிஎச்பி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். மாவட்டத்து ஊர்ப்பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுத்து, ஜேசன் என்னும் தரவு வடிவத்தில் இன்னொரு கணினிக்கு அனுப்ப வேண்டும்; அவ்வளவுதான் வேலை. ‘சிதம்பரம்’ என்று கொடுத்தேன். திரையில் சிதம்பரம் வரவில்லை. ஒரு சாய்கோடு, ஓர் ஆங்கில எழுத்து, நான்கு இலக்கக் குறி. மறுபடி ஒரு சாய்கோடு. எண்ணிப் பார்த்தால் 54 குறிகள். ஊர்ப்பெயர் சிதைந்துவிட்டது என்று எண்ணி, எழுதியதையெல்லாம் அழித்தேன்.

உண்மையில் பெயர் எங்கும் போயிருக்கவில்லை. சிதம்பரம் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு அதை ஒன்பது குறிகளாக வைத்திருக்கிறது: ச, இகரக் கொக்கி, த, ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிஎச்பியில் சேர்ந்திருந்த ஜேசன் கட்டளை, ஒவ்வொரு தமிழ்க் குறியையும் அதன் யூனிகோடு எண்ணாக மாற்றி, எண்ணுக்கு ஆறு இடம் கொடுத்து எழுதியது. ஒன்பதாறு ஐம்பத்து நான்கு. எதிர்ப்பக்கத்தில் பிரித்துப் படிக்கும் நிரல் அந்த எண்களைக் கண்டதுமே சிதம்பரத்தைத் திருப்பித் தந்திருக்கும். எழுதுகிறவரின் விதியும் படிக்கிறவரின் விதியும் ஒன்றாக இருந்தால், பெயர் எந்த உருவில் போனாலும் ஊர் போய்ச் சேரும். எங்கள் பக்கத்து எழுத்தர்கள் இந்த விதியைப் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்தவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

கடலூர் மாவட்டத்தில் பாடல் பெற்ற புலியூர்கள் நான்கு. கடலூர் நகருக்குள்ளேயே திருப்பாதிரிப்புலியூர். சிதம்பரத்துக்குப் பழம்பெயர் பெரும்பற்றப்புலியூர். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஓமாம்புலியூர். விருத்தாசலம் பக்கம், இன்று ராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் எருக்கத்தம்புலியூர். வெறுமனே ‘புலியூர்’ என்று கல்லில் வெட்டிவிட்டால், ஒருவர் விட்ட நிலம் எந்தக் கோயிலுக்கு உரியது? அதனால்தான் சோழர் காலத்து எழுத்தர் ‘ராஜாதிராஜ வளநாட்டுத் தனியூர் பெரும்பற்றப்புலியூர்’ என்று எழுதினார். வளநாடு பெரிய பிரிவு. அதற்குள், நாட்டுக்கு அடங்காமல் தனித்து நிர்வாகம் நடத்திய தனியூர். அதற்குள் ஊரின் பெயர். பெட்டிக்குள் பெட்டி வைத்த முகவரி அது. ஜேசனில் ஓர் அடைப்புக்குள் இன்னோர் அடைப்பைப் பொதிந்து எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வரும்.

தானக் கல்வெட்டு ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும். பிறகு மெய்க்கீர்த்தி, அதன் முதல் சொற்களைக் கொண்டே அரசன் இன்னார் என்று அறிஞர்கள் சொல்லிவிடுவார்கள். அடுத்து, சோழர் மாறி மாறிச் சூடிக்கொண்ட ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களில் ஒன்று. பிறகு ஆட்சியாண்டு, ஊர், கொடுத்தவர், கொடுத்த நிலம். நிலத்துக்குக் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என்று நான்கையும் சொல்லி, ‘இவ்விசைத்த பெருநான்கெல்லையுள் நடுவுபட்ட’ நிலம் என்று கட்டி முடிப்பார்கள். கடைசியில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று கையொப்பங்கள். ‘இது பன்மாகேஸ்வர ரக்ஷை’ என்றதும் ஆவணம் முடிந்தது என்று பொருள்.

அந்தக் கல்லில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. ஒரு செய்தி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டியவை அந்த மாறாத வாய்பாட்டுச் சொற்கள்தாம். 2001இல் அமெரிக்காவில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்த ஜேசனுக்கு அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, காற்புள்ளி என்று ஆறே ஆறு கட்டமைப்புக் குறிகள். நம் கல்தச்சருக்கு ‘நடுவுபட்ட’ என்ற ஒரு சொல்லே மூடும் அடைப்புக்குறி.

படியெடுப்பதிலும் ஒழுங்கு இருந்தது. செங்கற்கோயிலைக் கற்றளியாக மாற்றிக் கட்டியபோது, பழைய சுவரிலிருந்த எழுத்தைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டி, இது பழைய கல்லின் படி என்று அங்கேயே குறித்திருக்கிறார்கள். ‘பழங்கற்படி’ என்பது அதற்கான சொல். நகல் எது, மூலம் எது என்று பிற்காலத்தவர் குழம்பக் கூடாது என்ற அக்கறை அது.

சிதம்பரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், அரசனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைச் செல்லரித்திருந்ததையும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அது மரபு தரும் செய்தி. கல்வெட்டு தரும் செய்தி இன்னொன்று. முதலாம் குலோத்துங்கனிடமும் விக்கிரம சோழனிடமும் படைத்தலைவனாக இருந்த நரலோகவீரன் என்னும் மணவிற்கூத்தன், மூவர் தேவாரத்தைச் செப்பேடுகளில் எழுதச் செய்தான். பனையோலையிலிருந்து செம்புக்கு மாற்றிய வேலை அது. ஆனாலும் தேவாரம் நம் கைக்கு வந்தது ஓதுவார்களின் குரலாலும், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்த ஏடுகளாலும். நீடித்த பொருளைவிட, எடுத்துப் படிக்கும் பழக்கமே அதிகம் காத்தது.

கடலூரில் ஆவணத்தின் போக்கு வேறாக மாறியது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியது. அதன் எல்லையை ஏரி, வாய்க்கால், வரப்பு என்று யாரும் சொல்லவில்லை. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்கு என்றார்கள். அப்படி அகப்பட்டவை குண்டு கிராமங்கள் என்று பேர் பெற்றன. கூடலூர் அவர்கள் ஏட்டில் ஆங்கில எழுத்தில் ஏறி, பின் நாமே அதைக் கடலூர் என்று எழுதத் தொடங்கினோம். நீலகிரியிலும் தேனியிலும் கூடலூர் இன்னும் கூடலூராகவே இருக்கிறது. பெயர் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பும்போது என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத் தலைநகரே சாட்சி.

என் தாத்தா புவனகிரிப் பக்கம் ஒரு கிராமத்தின் கணக்குப்பிள்ளை. பசலி என்னும் வருவாய் ஆண்டுக் கணக்கில் 1390 அவர் எழுதிய கடைசிக் கணக்கு. 1980 நவம்பரில் அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தாத்தா எழுதிய அடங்கல் பதிவேட்டில் ஒவ்வொரு கட்டமும் தன் இடத்தில் இருக்கும்: புல எண், பரப்பு, பயிர், தீர்வை. சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் பழைய குறிகளைப் போடுவார். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺. “யாருக்குத் தாத்தா இதெல்லாம் இவ்வளவு அச்சா எழுதறீங்க?” என்று கேட்டேன். “நாளைக்கு நான் இல்லைன்னாலும் வர்றவன் படிக்கணும்டா” என்றார்.

அவர் போன பிறகு அந்தக் குறிப்பேட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. பெயர்கள் தெரியும், குறிகள் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளாதது இன்றும் உறுத்துகிறது. நாள் முதல் எண் வரையிலான அந்த எட்டுக் குறிகளையும் 2003இல் யூனிகோடு சேர்த்துக்கொண்டது. 2019இல் வந்த 12ஆம் பதிப்பு, பின்னங்களும் அளவைகளுமாக இன்னும் 51 குறிகளைத் தனிப்பகுதியாகச் சேர்த்தது. அந்தப் பகுதியின் முதல் குறி முந்திரி. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தாத்தாவின் பக்கங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முந்திரியின் இடம் யூனிகோட்டின் முதல் 65,536 இடங்களுக்கு அப்பால் இருப்பதால், ஜேசனில் எண்ணாக மாற்றினால் இரண்டு எண்கள் சேர்ந்துதான் அது உருவாகும். ஒன்றை வெட்டினால் குறியே இல்லை.

நடுவே ஒரு கெட்ட காலமும் இருந்தது. தமிழ்க் கணினியில் எழுத்துருவுக்கு ஓர் ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று தரங்கள் வகுத்தார்கள். வேறு தரங்களும் புழங்கின. ஒரு கணினியில் பெயராக இருந்தது இன்னொன்றில் பொருளற்ற கோடுகளாகத் தெரிந்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோட்டை ஏற்றது. ஆனால் அதற்குப் பின்னும் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பட்டியலில், தமிழெழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. தமிழ் தெரியாத வடிவத்தில் யாரோ சேமித்துவிட்டிருந்தார்கள். 54 குறிகளாகிப்போன சிதம்பரத்தை மீட்கலாம். கேள்விக்குறியானதை எந்த நிரலாலும் மீட்க முடியாது. நூற்றுக்கணக்கான பெயர்களைத் தாளிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

2012இல் பிஎச்பியில் தமிழைத் தமிழாகவே விட்டுவைக்கும் தெரிவு வந்தது. சிதம்பரம் யூடிஎஃப்-8 முறையில் 27 பைட்டில் அடங்குகிறது. பைத்தான் மொழியிலும் தமிழை அப்படியே விட வழி உண்டு. ஜேசனை வெளியாருக்கு அனுப்பும்போது யூடிஎஃப்-8இலேயே அனுப்ப வேண்டும் என்று 2017இல் விதியும் எழுதிவிட்டார்கள். இன்று ஊர்ப்பெயர் தொலைந்தால் கருவியைக் குறை சொல்ல இடமில்லை.

நிரல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். ஊரை எழுதினால் வட்டத்தோடும் மாவட்டத்தோடும் எழுதுங்கள். புலியூர்கள் நான்கு உண்டு. எண்ணோடு அளவையின் பெயரையும் சேர்த்து வையுங்கள். நகலானால் நகல் என்று குறியுங்கள். எந்த முறையில் சேமித்தீர்கள் என்பதைக் கோப்போடு எழுதி வையுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கேடு கிடந்தால், அதைப் படமெடுங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.