எலிக்குட்டியும் எங்க தீர்மான நோட்டும்

நம்ம கூட்டமைப்பு மலரில் கறவை மாடு, தையல், வங்கிக் கடன் என்று எழுதுவது வழக்கம். நான் எலியைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காம படிங்க.

மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி அனுப்ப சில ரசாயனங்கள் உண்டு. அதில் ஒன்று செரட்டோனின். அது மூளையிலும் இருக்கிறது என்று 1953-ல் காட்டியவர் பெட்டி ட்வாரோக் என்ற அமெரிக்கப் பெண். கடல் சிப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர்.

அந்தச் செரட்டோனினைப் பிடித்துக்கொண்டு, நம் மனசு ஏன் சோர்ந்துபோகிறது என்று தேடியவர் விதிதா வைத்யா. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 2000-ல் சேர்ந்தபோது வயது 29.

அவரது ஆய்வகத்தில், பிறந்து இரண்டு நாளான எலிக்குட்டிகளைத் தினமும் மூன்று மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்தார்கள். இரண்டு வாரம் வரைதான். அப்புறம் தீனி, தண்ணீர் எதிலும் குறையில்லை. ஆனாலும் வளர்ந்த பிறகு அவை மற்ற எலிகளைவிட அதிகமாகப் பயந்தன. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியில், செரட்டோனினை வாங்கும் ஒருவகை வாசல் அளவுக்கு மீறி வேலை செய்தது. குட்டியாக இருக்கும்போதே அந்த வாசலை மருந்தால் அடைத்தபோது, பெரிதான பின் அந்தப் பயம் வரவில்லை. இது 2011-ல் வெளிவந்தது. 2015-ல் பட்நாகர் விருது, 2022-ல் இன்ஃபோசிஸ் பரிசு அவருக்குக் கிடைத்தன.

வேலைக்குப் போகிற தாயைக் குற்றம் சொல்கிற ஆராய்ச்சி இல்லை இது. எலி வேறு, மனுஷப் பிள்ளை வேறு. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவள்தான் நானும்.

விலங்கியல் படிக்கும் என் மகள் இதைச் சொன்னபோது எனக்கு எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தி ஞாபகம்தான் வந்தது. தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வரவில்லை. "கொழுப்பு" என்று பேசினோம். தீர்மான நோட்டில் அபராதம் எழுதியதும் நான்தான். அவளோ எழுந்து தலைவாரக்கூடத் தெம்பில்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறாள். வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனார்கள். மாத்திரை, பேச்சு, ஆறு மாதம். செரட்டோனின் மேல் வேலை செய்கிற மாத்திரைதானாம்.

போன மாதம் அந்தப் பக்கத்தைத் தேடி, அபராத வரியைச் சிவப்பு மையால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "அப்ப நாப்பது ரூபா திரும்பி வருமாக்கா?"