நூல்வகைகளும் கற்போர் எல்லையும்: ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழ் நூல்கள் பல மறைந்தமைக்குக் காரணம் கூறப் புகுவோர் கடல்கோள், கறையான், நெருப்பு, ஆற்றுப் பெருக்கு ஆகியவற்றையே பெரிதும் எடுத்துக்காட்டுவர். இவை பொருந்தாக் காரணங்கள் அல்ல. ஆயினும் இவை ஏட்டை அழிப்பன. நூலை அழிப்பது பிறிதொன்று. ஓர் ஏடு செல்லரித்துப் போகுமுன் மற்றோர் ஏட்டில் பெயர்த்தெழுதப்படுமாயின் நூல் நிலைபெறும். பெயர்த்தெழுதுதற்கு அதனை விரும்பிக் கற்பார் வேண்டும். கற்பார் அற்ற நூலுக்குப் படியெடுப்பாரும் இலர். ஆகவே, எக்காலத்தில் எவ்வகை நூல்கள் கற்கப்பட்டன, எவை ஒதுக்கப்பட்டன, ஒதுக்கியமைக்குக் காரணம் யாது என்னும் வினாக்கள் தமிழிலக்கிய வரலாற்றிற்கு இன்றியமையாதன ஆகின்றன. இவ்வினாக்களுக்கு உரையாசிரியர் காலம் தொட்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை கிடைக்கும் சான்றுகள் சிலவற்றைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரையாசிரியர்களின் பயிற்சி

உரையாசிரியர்கள் தமக்கென ஒரு நூல்வகையை வரையறுத்துக்கொண்டு அதனுள்ளேயே அமைந்துவிட்டவர் அல்லர். நச்சினார்க்கினியரை முதற்கண் நோக்குவோம். அவர் மதுரையைச் சேர்ந்தவர். சைவர் என்பது பலர் துணிபு. அவர் உரை கண்ட நூல்களோ தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சீவகசிந்தாமணி என்பன. முதலது இலக்கணம், அடுத்தவை இரண்டும் சங்கச் செய்யுட்கள், இறுதியது திருத்தக்கதேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியம். திருக்குறளுக்கு உரை வரைந்த பரிமேலழகர் பரிபாடலுக்கும் உரை வரைந்தார். சிலப்பதிகாரத்திற்கு உரை செய்த அடியார்க்குநல்லார், இயற்றமிழ் நூல்களோடு இசை நூல், நாடக நூல் ஆகியவற்றையும் கற்றிருந்தார் என்பதற்கு அவ்வுரையே சான்று. இன்று பெயரளவில் எஞ்சிய நூல்கள் பலவற்றை நாம் அறிவது அவர் உரையால்தான். யாப்பருங்கல விருத்தியுடையார் மேற்கோளாகக் காட்டும் செய்யுட்களோ அகம், புறம், அறம், காப்பியம், தனிப்பாடல் எனப் பல துறைக்கும் உரியன.

இதனால் ஒன்று பெறப்படும். ஒரு நூலுக்கு உரை காண்பவன் பல வகை நூல்களையும் பயின்றிருத்தல் வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை. சமயம் வேறாயினும் செய்யுள் செய்யுளே என்னும் நோக்கு அவர்களிடம் இருந்தது. நன்னூலுக்குச் சமணராகிய மயிலைநாதர் உரை கண்டார். பின்னர்ச் சைவராகிய சங்கரநமச்சிவாயரும் கண்டார். நூலாசிரியராகிய பவணந்தி முனிவர் சமணர் என்பது பின்னவருக்குத் தடையாகவில்லை.

எல்லை குறுகிய வரலாறு

இந்நிலை எக்காலத்தும் ஒரு தன்மையாக நிற்கவில்லை. சேக்கிழார் வரலாறு கூறும் நூலொன்று, அநபாய சோழன் சிந்தாமணியைச் சுவைத்துக் கற்று வந்தான் என்றும், அதனைத் தகாது எனக் கண்ட சேக்கிழார் அவனைச் சிவனடியார் வரலாற்றின்பால் திருப்பினார் என்றும் உரைக்கின்றது. உமாபதி சிவாசாரியருக்கு உரியதாகக் கூறப்படும் அந்நூலின் கூற்று முழுதும் நிகழ்ந்ததோ அன்றோ, அது நமக்கு இரண்டு செய்திகளைத் தருகின்றது. ஒன்று, சைவ மன்னன் அவையிலும் சமணக் காப்பியம் விரும்பிக் கற்கப்பட்டிருத்தல் கூடும் என்று பிற்காலத்தார் கருதினர் என்பது. மற்றொன்று, அவ்வாறு கற்றல் தவறு என்னும் எண்ணம் அவர்களிடையே உருப்பெற்றுவிட்டது என்பது.

17-ஆம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் வெளிப்படையான விலக்காகவே வடிவெடுத்தது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சுவாமிநாத தேசிகர் தம் இலக்கணக்கொத்தில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றையும், பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு ஆகியவற்றையும் ஒரு பொருளாக எண்ணிக் கற்பாரை, வாழ்நாளை வீணாக்குவோர் எனக் கடிந்துள்ளார். அவர் சிறந்த இலக்கணப் புலவர். அறியாமையால் கூறியவர் அல்லர். வீடுபேற்றிற்குத் துணையாகும் நூல்களே கற்கத்தக்கன என்பது அவர் துணிபு. வாழ்நாள் சிறிது, நூல்களோ பல என்னும் கவலை அவர் உரையில் தொனிக்கின்றது. அக்கவலை நமக்கும் புதிதன்று. எனினும் அவ்விலக்கின் பயன் யாதாயிற்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பத்துப்பாட்டின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அப்பத்தனுள் முதலதாகிய திருமுருகாற்றுப்படை சைவத் திருமுறைகளுள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றது. ஆதலின் அது நாள்தோறும் ஓதும் நூலாயிற்று; ஏடுகளும் மிகப் பலவாயின. ஆறுமுக நாவலர் அதனை 1851-இல் பதிப்பித்தார். பத்துப்பாட்டு முழுமையும் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது 1889-இல். ஒரே தொகுதியிற் பிறந்த பத்துப் பாட்டுக்களுள் ஒன்று மக்கள் நாவில் வாழ, ஏனைய ஒன்பதும் பேழையுள் உறங்கின. கறையானுக்குப் பாட்டுக்கும் பாட்டுக்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு செய்தவர் கற்போரே.

கும்பகோணத்து நிகழ்ச்சி

1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் நிகழ்ந்த ஒரு சந்திப்பைத் தமிழ் கற்பார் அனைவரும் அறிவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் பாடம் கேட்டீர், என்ன நூல்கள் கற்றீர் என முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தாம் பயின்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் ஆகியவற்றின் பெயர்களை ஐயர் அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. சிந்தாமணி, மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. பின்னர்ச் சிந்தாமணிப் படி ஒன்றையும் அவர் ஐயருக்கு அளித்தார். இந்நிகழ்ச்சியை ஐயரே தம் வரலாற்று நூலாகிய ‘என் சரித்திர’த்தில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்.

இதனைப் பழமை தோற்றுப் புதுமை வென்ற நிகழ்ச்சியாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு கொள்ளுதல் முழுதும் பொருந்தாது. ஐயர் சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது அவருக்குக் கைகொடுத்தவை யாவை? பிழை மலிந்த படியில் சீர் பிரித்து யாப்பறிந்து படித்தற்கும், பாட வேறுபாடு கண்டு துணிதற்கும் உரிய ஆற்றலை அவர் பெற்றது அந்தாதிகளையும் புராணங்களையும் ஆசிரியரிடம் முறையாகப் பாடம் கேட்டமையால் அன்றோ? ஆகவே, முன்னைய கல்வி வீணாகவில்லை. அதன் எல்லையே போதாதாயிற்று.

அவ்வெல்லையைக் கடப்பதற்கு ஐயர் நூலை மட்டும் நாடவில்லை, ஆட்களையும் நாடினார். சமண சமயச் சொற்களுக்குப் பொருள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்றார். அங்கே சிந்தாமணியைப் படித்து முடித்ததனை ஒரு விழாவாகக் கொண்டாடுவதைக் கண்டு வியந்தார். இச்செய்தி மிகவும் சிந்திக்கத்தக்கது. தமிழ்ப் புலவருலகம் மறந்ததாகக் கருதப்படும் அக்காப்பியம், அதே ஊரில், சில தெருக்கள் கடந்து, மக்கள் செவிமடுக்கும் நூலாக வாழ்ந்திருந்தது. ஒரு வட்டத்தார்க்கு மறைந்தது மற்றொரு வட்டத்தார்க்கு மறையவில்லை. நாம் ‘கண்டுபிடிப்பு’ என்று வழங்கும் சொல்லை இவ்விடத்துச் சற்றே அளந்து வழங்குதல் நன்று. பின்னர் மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபோதும் பௌத்த சமயக் கருத்துக்களை அறிதற்கு மளூர் ரங்காசாரியர் என்னும் அறிஞரின் துணையை ஐயர் பெற்றார். சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன.

சிந்தாமணியிலிருந்து சங்க நூலுக்கு ஐயர் சென்ற வழியும் கருதற்பாலது. நச்சினார்க்கினியர் தம் உரையில் நூற்பெயர் சுட்டாது மேற்கோள்கள் பலவற்றைக் காட்டிச் செல்கின்றார். அவை எங்குள்ளன எனத் தேடிய ஐயர் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் சென்றடைந்தார். பலவகை நூல்களைக் கற்ற உரையாசிரியர் ஒருவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒருவருக்குத் தம் உரையாலேயே வழி காட்டினார். அவ்வழியில் கிடைத்த ஏட்டுச்சுவடிகள் சில இருந்த இடம் எது? திருவாவடுதுறை ஆதீனம். இலக்கணக்கொத்தின் ஆசிரியர் எந்த ஆதீனத்திலிருந்து அந்நூல்களை விலக்கினாரோ, அந்த ஆதீனத்துப் புத்தகசாலையிலேயே அவை பாதுகாக்கப்பட்டிருந்தன. சுப்பிரமணிய தேசிகர் அவற்றை மகிழ்ந்து அளித்தார். ஏடு இருந்தது, கற்பார் இல்லை. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எல்லை கடந்த பதிப்பாளரும் தொகுப்பாளரும்

ஐயருக்கு முன்னும் அவரோடு உடனிருந்தும் இத்துறையில் உழைத்தோர் பிறரும் உளர். பவர் என்னும் கிறித்தவப் பாதிரியார் சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை உரையுடன் 1868-இல் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை வெளியிட்ட நூல்களை வரிசைப்படுத்தி நோக்கின் அவருடைய கல்வியின் அகலம் புலனாகும். 1881-இல் பௌத்த இலக்கணமாகிய வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் சைவப் புராணமாகிய தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் சமணக் காப்பியமாகிய சூளாமணி என அவை அமைகின்றன. எட்டு ஆண்டுகளுள் மூன்று சமயங்களையும், இலக்கணம், தொகைநூல், புராணம், காப்பியம் என்னும் நால்வகை நூல்களையும் அவர் கை தொட்டது.

பெயர் அறியப்படாத ஒருவரும் இங்கு நன்றியுடன் நினைக்கத்தக்கவர். அவர் புறத்திரட்டினைத் தொகுத்தவர். தாம் கற்ற பல நூல்களிலிருந்து அறம், பொருள் பற்றிய செய்யுட்களைத் தேர்ந்து, அதிகாரம் வகுத்து, அவர் ஒரு திரட்டாக்கினார். நீதிநூலும் காப்பியமும் புறப்பாடலும் அதனுள் அருகருகே நிற்கின்றன. முத்தொள்ளாயிரம் முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் சுவைக்கும் அதன் செய்யுட்களுட் பெரும்பாலன இத்திரட்டு அளித்த கொடை. பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசியின் செய்யுட்கள் சிலவும் இதனாலும், அந்நூலை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரையாலும் எஞ்சின. மறுக்கப் புகுந்தவரும் முதலில் கற்றனர். கற்றமையால் எதிரியின் நூலிற் சில துளிகளையேனும் காத்தனர். கல்லாது ஒதுக்கியோரால் காக்கப்பட்டது ஒன்றும் இல்லை.

இடம் மாறிய விலக்கு

இதுகாறும் கூறியவற்றைக் கடந்த காலத்தார் மீது சுமத்தும் குற்றமாக மட்டும் கொள்வோமாயின் வரலாற்றினின்று நாம் கற்றது ஒன்றும் இராது. இன்று சங்க நூல்களும் காப்பியங்களும் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் நடுவிடத்தைப் பெற்றுள்ளன. அது தகும். ஆனால், 1880-இல் ஐயர் அடுக்கிய அந்தாதி, கலம்பகம், கோவை, தலபுராணம் ஆகியவற்றை இன்று முறையாகக் கற்பார் எத்துணைப் பேர்? மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரை அவர்தம் மாணாக்கரின் ஆசிரியர் என்னும் அளவில் அறிந்தோர் பலர்; அவர் பாடிய புராணங்களுள் ஒன்றையேனும் முழுதும் படித்தோர் சிலர். சீறாப்புராணமும் தேம்பாவணியும் இலக்கிய வரலாற்றுத் தாளில் இரண்டு வரிக் குறிப்பாக நின்றுவிடுகின்றன. இலக்கணக்கொத்தின் விலக்கு மறையவில்லை, இடம் மாறியுள்ளது. அன்று சங்க நூல் கற்றலை வீண் என்றனர். இன்று சிற்றிலக்கியம் கற்றலை வீண் என்கின்றோம். அன்று காரணம் சமயம். இன்று காரணம் ஆய்வுத் தலைப்பின் குறுக்கம்.

ஏடுகள் இன்று ஒளிப்படமாகவும் மின்வடிவமாகவும் காக்கப்படுகின்றன, ஆதலின் அழிவச்சம் இல்லை என்பார் உளர். கிடைத்தல் வேறு, கற்றல் வேறு. திருவாவடுதுறையிலும் நூல்கள் கிடைக்கும் நிலையில்தான் இருந்தன. பாடம் சொல்வார் வழிமுறை அற்றுப்போன ஒரு நூல்வகையை மீண்டும் பொருளுணர்ந்து படித்தல் எத்துணை அரிது என்பதைச் சிந்தாமணிக்காக ஐயர் உழைத்த ஏழு ஆண்டுகள் காட்டும். தலபுராணத்தின் திருநகரப் படலத்தையும், மடக்கந்தாதியின் சொற்பிரிப்பையும் பாடம் சொல்லவல்ல முதியோர் இன்று அருகி வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்கும் கடமை முதுகலை மாணாக்கர்க்கும், என்னைப் போன்ற ஆசிரியர்க்கும் உண்டு.

ஒரு துறையில் ஆழ்தல் ஆராய்ச்சிக்கு வேண்டற்பாலதே. அவ்வாழ்ச்சிக்கு நீர் பிற துறைகளினின்றே ஊறிவருதல் வேண்டும். தாம் கற்ற நூல்களின் பட்டியல் முழுமையன்று என ஓர் ஆசிரியர் 25-ஆம் வயதில் ஒப்புக்கொண்டமையால் தமிழ் பெற்ற பேறு நம் கண்முன் நிற்கின்றது. அவ்வினா இன்று நம்மை நோக்கி எழுமாயின் நாம் விடுத்துச் சொல்லும் நூல்வகை யாது என ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம்.