ஏலமலையையும் சேர்த்து எண்ணுதல்: கம்பம் பள்ளத்தாக்கில் மருத்துவப் பணியாளர் இருப்பு

தேனி மாவட்டத்தில் மருத்துவர் போதவில்லை என்று யாராவது சொன்னால், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறதே என்ற பதில் உடனே வரும். மதுரையில் 1954 முதல் ஒரு கல்லூரி உண்டு. அண்டை மாவட்டங்களான திண்டுக்கல்லிலும் விருதுநகரிலும் 2022 சனவரியில் புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. மருத்துவரை உருவாக்கும் திறனில் தென் தமிழகம் ஏழையில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூடலூரிலோ கம்பத்திலோ நள்ளிரவில் அறுவைப் பிரசவம் தேவைப்படும் பெண்ணுக்கு இந்தக் கல்லூரிகளின் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. பள்ளத்தாக்கின் பற்றாக்குறை கணக்கிடும் முறையிலேயே தொடங்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கம்பம் பள்ளத்தாக்கும் அதற்கு மேலே உள்ள ஏலமலையும் உழைப்பாலும் நோயாலும் ஒரே வட்டாரம். அரசுகளோ அதை இரண்டு மாவட்டங்களாக, இரண்டு மாநிலங்களாக மட்டுமே எண்ணுகின்றன.

வட்டாரத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று மலைச்சாலைகள் தேனி மாவட்டத்தைக் கேரளத்தின் இடுக்கியோடு இணைக்கின்றன. விடியற்காலையில் கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி மலைக்குப் போகிறார்கள். களையெடுப்பு, காயெடுப்பு, மருந்தடிப்பு என்று பகல் முழுவதும் வேலை. மாலையில் அதே ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள். எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. குமுளி, வண்டிப்பெரியாறு பகுதிகளிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போக நூறு கிலோமீட்டர் அளவுக்கு மலையிறங்க வேண்டும். கம்பமோ குமுளியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அவசரத்தில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவார்கள் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைப் பயணிகளின் கூட்டமும் இதே குமுளிச் சாலையில் சேர்ந்துகொள்கிறது.

இனி, பணியிடங்கள் எப்படி வகுக்கப்படுகின்றன? சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899; இடுக்கியின் மக்கள்தொகை 11,08,974. கணக்கெடுப்பு ஒருவரை அவர் குடியிருக்கும் இடத்தில் எண்ணுகிறது. ஏலத்தோட்டத் தொழிலாளிக்கோ குடியிருப்பு ஓரிடம், விபத்தும் பாம்புக்கடியும் பூச்சிமருந்தும் வேறோரிடம். கேரளத்தின் அளவுகோலில் அவர் குடிமகள் இல்லை. தமிழ்நாட்டின் அளவுகோலில் அவர் சமவெளிவாசி. மலைக்குரிய சலுகை அவரது ஊர் மருத்துவமனைக்குக் கிடைக்காது. இரண்டு மாநிலங்களும் தங்கள் விதிப்படி சரியாகவே எண்ணுகின்றன, ஆனால் அவருடைய பகல்பொழுது இரண்டு கணக்கிலும் விடுபட்டுப்போகிறது.

தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அச்சட்டம் தோட்ட முதலாளிகள் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று வகுத்தது. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட் ஆஸ்பத்திரிகள் உருவானதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களும் 15 பேருக்குக் குறைவாக ஆள் வைப்பவையும் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. ஏலத்தில் சிறு தோட்டங்கள் ஏராளம். அன்றாடம் வந்துபோகும் ஆளுக்கு ஆஸ்பத்திரிப் பொறுப்பை ஏற்க அங்கே யாரும் இல்லை. அந்தப் பொறுப்பு ஓசையில்லாமல் அடிவாரத்தின் அரசு மருத்துவமனைகள் தலையில் விழுந்திருக்கிறது.

அம்மருத்துவமனைகளில் என்ன குறைகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். 'மருத்துவர் எத்தனை பேர்' என்ற கேள்வி போதாது. அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சைக்கான சீமாங்க் மையம் இரவும் பகலும் இயங்க மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், மயக்க மருத்துவர் ஆகிய மூவரும் முறைவைத்து இருக்க வேண்டும். மயக்க மருத்துவர் ஒருவர் விடுப்பில் போனால் மற்ற இருவரும் இருந்தும் அறுவை அரங்கம் பூட்டிக் கிடக்கும். பத்து மருத்துவர்களில் ஒன்பது பேர் பணியில் உள்ளனர் என்று அறிக்கையில் எழுதலாம். தாய் மட்டும் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டு க.விலக்குக்குப் போய்க்கொண்டிருப்பார். பூச்சிமருந்து நஞ்சேறியவருக்கும் இப்படித்தான். மாற்றுமருந்தான அட்ரோபின் எல்லா இடத்திலும் கிடைக்கும். மணிக்கணக்கில் பக்கத்தில் நின்று மூச்சையும் நாடித்துடிப்பையும் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கத் தெரிந்த செவிலியர்தான் அரிது.

செவிலியரைப் பற்றி இங்கே சற்று நின்று பேச வேண்டும். பற்றாக்குறை விவாதங்களில் அவர்கள் எப்போதும் கடைசிப் பத்திக்குத் தள்ளப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு 2017-இல் அவர்கள் போராடினார்கள். பின்னர் தொகை உயர்ந்தது. நிரந்தரமோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது. தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒருவர் வெளிமாவட்டத்திலிருந்து வந்து கம்பத்தில் வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, பத்தாண்டு தங்கித் தேர்ச்சி பெறுவார் என்று எதிர்பார்க்க அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது? எல்லைப்புறத்தில் மருத்துவர் மாறிக்கொண்டே இருப்பது தவிர்க்க முடியாதது என்று வைத்துக்கொண்டால், நிலைத்து நிற்கும் செவிலியர்தான் மருத்துவமனையின் நினைவாற்றல். அதையே தற்காலிகமாக்கியது பெரும் பிழை என்பது என் முடிவு.

கல்லூரியின் இருப்பிடமும் ஆராயத்தக்கது. க.விலக்கு மாவட்டத்தின் கிழக்கில், ஆண்டிபட்டி வட்டத்தில் உள்ளது. அங்கிருந்து கூடலூருக்கு எவ்வளவு தொலைவோ ஏறத்தாழ அவ்வளவே மதுரைக்கும். 2022 மே மாதம் மதுரை–தேனி அகல இரயில் பாதை திறக்கப்பட்டு, 2023 சூனில் போடி வரை நீண்டது. பயணிகளுக்கு இது பெரும் நன்மை. மதுரையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு வந்துபோக விரும்பும் பேராசிரியருக்கும் இது வசதி. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரியின் முகம் மதுரையைப் பார்க்கிறது, எல்லைக்கு அது முதுகைக் காட்டுகிறது. துறைகளின் மருத்துவர்கள் கம்பத்துக்கும் போடிக்கும் முறைவைத்து வந்து பணிபுரியும் ஏற்பாடு கல்லூரியின் கடமைகளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தால் இந்த இருப்பிடம் இவ்வளவு பாரமாகாது.

மருத்துவரைக் கிராமப்புறத்துக்கு ஈர்க்க இதுவரை பெரிதும் நம்பப்பட்ட கருவி முதுநிலைப் படிப்பு. தொலைதூர, கடினப் பகுதிகளில் பணிபுரியும் அரசு மருத்துவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தர மருத்துவக் கவுன்சில் விதிகள் இடமளித்தன. பணியிலிருப்போருக்குத் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியதில் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களின் பங்கு பெரிது. தீர்ப்பை வரவேற்கிறேன். ஆயினும் இந்தக் கருவியின் இயல்பைக் கவனிக்க வேண்டும்: கிராமப் பணியைக் கிராமத்தை விட்டுப் போவதற்கான தகுதியாக அது மாற்றுகிறது. மயக்கவியலோ மகப்பேறோ படித்து முடித்தவர் எங்கே திரும்பி வருகிறார் என்பதில்தான் பயன் இருக்கிறது. கலந்தாய்வில் அவருக்கு மாநிலம் முழுவதும் திறந்திருக்கும்போது கூடலூரைத் தேர்ந்தெடுக்க அவருக்கு என்ன காரணம் இருக்கும்?

ஜப்பானில் 1972-இல் தொடங்கிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் வேறு வழியைக் காட்டியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரை எடுத்து, கட்டணத்தைச் சுமந்து, படித்து முடித்ததும் சொந்த மாகாணத்தில் சுமார் ஒன்பது ஆண்டு பணிபுரியக் கட்டுப்படுத்தியது. கிராமப் பின்னணி கொண்ட மாணவரைச் சேர்த்தால் அவர் கிராமத்தில் நிலைக்கும் வாய்ப்பு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் சொல்கின்றன. தமிழ்நாடு 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்ததன் மூலம் பாதி வழியைக் கடந்துவிட்டது. உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் அரசுப் பள்ளியில் படித்துத் தமிழும் பேச்சளவில் மலையாளமும் அறிந்து வளரும் பிள்ளைகள் எல்லை மருத்துவமனைக்கு ஏற்ற மருத்துவர்கள். செவிலியர் படிப்புக்கும் இது பொருந்தும். அவர்கள் திரும்பி வருவதற்கான பாதையை இன்னும் யாரும் போடவில்லை.

மலைக்கு மேலே கேரளம் என்ன செய்தது? இடுக்கியில் 2014-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. வசதிக் குறைவால் 2016-இல் மாணவர் சேர்க்கைக்கு அனுமதி போய், மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டார்கள். 2022-இல்தான் 100 இடங்களோடு மீண்டும் சேர்க்கை தொடங்கியது. எல்லைப்புறத்தில் பலகையை மாட்டிவிட்டால் மருத்துவர் வந்துவிட மாட்டார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, எனவே ஒரு மாநிலத்தின் வரிப்பணத்தில் அடுத்த மாநிலத்தாருக்கு ஏன் மருத்துவர் வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு 2020-இல் காசர்கோடு பதில் சொன்னது. கொரோனா ஊரடங்கில் கர்நாடகம் எல்லையை அடைத்தது. மங்களூர் மருத்துவமனைகளையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் வழியில் இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று வழிதிறக்க உத்தரவிட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, அதன் பிறகே நோயாளிகளை அனுமதிக்கும் நெறிமுறை ஒன்று உருவானது. சார்பு முன்பே இருந்தது. எழுத்தில் இல்லாததால் உயிர்கள் போயின. பைரனீஸ் மலையில் பிரான்சும் ஸ்பெயினின் கத்தலோனியாவும் சேர்ந்து 2014-இல் செர்தான்யா மருத்துவமனையைத் திறந்தன. செலவில் 60 விழுக்காடு கத்தலோனியாவுக்கு, 40 விழுக்காடு பிரான்சுக்கு. இரு நாட்டுப் பணியாளர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். மொழியும் நாடும் சட்டமும் வேறான இடத்தில் முடிந்த காரியம் குமுளியில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. முல்லைப் பெரியாற்று நீருக்கு 1886-லேயே ஒப்பந்தம் எழுதிய எல்லை இது. நோயாளிக்கும் ஒன்று எழுதலாம்.

கூட்டு மருத்துவமனை உடனே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கம்பம், உத்தமபாளையம், போடி மருத்துவமனைகளை 'எல்லைச் சுமை' உள்ளவை என்று தனியாக வகைப்படுத்துங்கள். அவ்வகைக்கு மயக்க மருத்துவர், குழந்தை மருத்துவர் பணியிடங்களை இரட்டிப்பாக்குங்கள். செவிலியரை நிரந்தர ஊதியத்தில் அமர்த்துங்கள். இதற்குச் சென்னை போதும், திருவனந்தபுரத்தைக் கேட்க வேண்டியதில்லை. எத்தனை பணியிடம் என்று தெரிய முதலில் சுமையை அளக்க வேண்டும். உள்நோயாளிப் பதிவேட்டில் முகவரி எழுதப்படுகிறது. அதில் இடுக்கி முகவரிகளையும், நோயோ காயமோ நேர்ந்த இடம் மலைத்தோட்டம் என்றால் அதையும் தனியே குறித்து மாதந்தோறும் தொகுக்கும்படி தேனி மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். அடுத்த காயெடுப்புப் பருவம் தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.