மடி வாட்டர்ஸ்: பருத்திப் பண்ணையிலிருந்து சிக்காகோவிற்கு

1941ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஸ்ரோவல் பருத்திப் பண்ணைக்கு அலன் லோமாக்ஸ், ஜோன் வேர்க் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்தனர். நாட்டார் பாடல்களைத் தேடி வந்த அவர்கள், முப்பது வயதை எட்டாத ஓர் உழைப்பாளியின் குடிசையில் அவனது பாட்டையும் கிற்றார் இசையையும் பதிவு செய்தனர். மக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்ற அந்த உழைப்பாளியே பின்னர் மடி வாட்டர்ஸ் என உலகறிந்த கலைஞர். தம் குரலைத் தாமே கேட்ட அன்றுதான் தம்மீது நம்பிக்கை பிறந்தது என்று அவர் பின்னாளில் கூறினார்.

அவர் பாடியது 'புளூஸ்' என்னும் இசை. அதன் துயரம் எங்கிருந்து வந்தது? 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் நிலம் பழைய எசமானர்களிடமே இருந்தது. கறுப்பின மக்கள் அந்நிலத்தை வாரத்திற்கு உழுதனர். விதையும் உணவும் பண்ணைக் கடையிற் கடனாகக் கிடைத்தன. விளைச்சலிற் பாதி நிலவுடைமையாளனுக்குச் சென்றது. கணக்கேடும் அவன் கையிலேயே இருந்தமையால், ஆண்டு முடிவில் உழுதவனுக்கு மிஞ்சியது பெரும்பாலும் கடனே.

மடி வாட்டர்ஸ் அப்பண்ணையில் உழவு இயந்திரமும் ஓட்டினார். 1943இல், மணிக்கு 22½ சதமாக இருந்த கூலியை 25 சதமாக உயர்த்துமாறு கேட்டார். மேற்பார்வையாளன் சினந்து மறுக்கவே, சிக்காகோவிற்கு றெயிலேறினார். 1910க்கும் 1970க்கும் இடையில் தென் மாநிலங்களை விட்டு வெளியேறிய ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்களுள் அவரும் ஒருவர்.

சிக்காகோவில் பகலில் தொழிற்சாலையில் வேலை. இரவில் மதுச்சாலைகளிற் பாட்டு. அந்த இரைச்சலில் கிராமத்துக் கிற்றாரின் மெல்லோசை எடுபடவில்லை. எனவே மின்கிற்றாரை ஏந்தினார். புளூஸ் இசையின் இம்மாற்றத்தைத் தனியொருவரின் விந்தையாக மட்டும் கொள்வது தவறு. வயலைவிட்டு ஆலைக்கு வந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு மாறியது. அதனுடன் அதன் இசையும் மாறியது. 1948இல் வெளிவந்த அவரது இசைத்தட்டு, சிக்காகோவின் கறுப்பினத் தொழிலாளரிடையே வெகுவிரைவில் விற்றுத் தீர்ந்தது. அவர்கள் அதிற் கேட்டது தம் சொந்தக் குரலையே.

1958இல் அவர் இங்கிலாந்து சென்றார். 1962இல் இலண்டன் இளைஞர் சிலர் தம் இசைக்குழுவிற்கு அவரது பாடலொன்றின் பெயரைத் தழுவி 'றோலிங் ஸ்ரோன்ஸ்' என்று பெயரிட்டனர். அவ்விசையின் வழிவந்தோர் பெருஞ்செல்வம் ஈட்டினர். மடி வாட்டர்ஸோ, தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென்று பாடலாசிரியர் வில்லி டிக்சனுடன் சேர்ந்து 1976இல் தம் பாடல்களின் பதிப்புரிமை நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அது உடன்பாட்டில் முடிவுற்றது. பண்ணையிலே பருத்திக் கணக்கு. நகரத்திலே பாட்டுக் கணக்கு. இரண்டிலும் ஏடு பிறர் கையிலேதான் இருந்தது.

1983 ஏப்ரல் 30ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்த குடிசையின் எஞ்சிய பகுதி கிளாக்ஸ்டேல் நகரின் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டது. குடிசையைப் போற்றுவது நன்றே. ஆனால் அதிற் குடியிருந்தவன் ஏன் வெளியேறினான் என்பதையும் நம் மாணவர் கேட்டறிதல் வேண்டும். மக்கள் கலையைப் பயில்வோர் பாட்டைக் குறித்துக்கொண்டால் மட்டும் போதாது. பாடியவனின் பெயரையும், தொழிலையும், அவன் பெற்ற கூலியையும் அதனருகே எழுதி வைத்தல் வேண்டும்.