ஃபேரி: வாக்கு விதியான கதை

ஆங்கில 'ஃபேரி'யைத் தமிழில் தேவதை என்கிறோம். ஆனால் அச்சொல்லின் வேர் பேச்சு. லத்தீனில் 'ஃபாரி' என்றால் பேசுதல். 'ஃபாட்டும்' என்றால் சொல்லப்பட்டது, அதாவது விதி. அதன் பன்மை 'ஃபாட்டா' விதி வகுக்கும் பெண்ணுக்குப் பெயராகி, பழைய பிரெஞ்சில் 'ஃபே' ஆனது. 'ஃபேரி' முதலில் அவளுடைய மாய உலகைக் குறித்தது. பிறகே அவளையும் குறித்தது. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் மதாம் தோல்னுவா வெளியிட்ட தொகுப்பின் தலைப்பே தேவதைக் கதை என்ற வகைப்பெயருக்கு வழிவகுத்தது. அதே ஆண்டு வெளிவந்த, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் தொகுப்பிலுள்ள 'உறங்கும் அழகி'யில், குழந்தைக்குத் தேவதைகள் சொன்ன வாக்கே வாழ்க்கையாகிறது.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் தேவதையே இல்லையே, வேர்ச்சொல் இன்றைய பொருளை ஆளுமா என்று கேட்கலாம். எல்லாக் கதைகளையும் ஆளாதுதான். ஆனால் தேவதை வரும் இடத்தில் பழம்பொருள் விழித்துக்கொள்கிறது. கெயில் கார்சன் லெவின் இளையோருக்கு எழுதிய 'எல்லா என்சான்டட்' (1997) நாவலில், லூசிண்டா என்ற தேவதை எல்லா என்ற பச்சிளங்குழந்தைக்குக் கீழ்ப்படிதலை வரமாகத் தருகிறாள். யார் கட்டளையிட்டாலும் எல்லாவால் மீற முடிவதில்லை, வரம் சாபமாகிறது. இளவரசனை மணக்கச் சொல்லும் கட்டளையை அவள் மறுக்கும்போதுதான் கட்டு அறுகிறது. வாக்கால் வந்த விதியை வாக்காலேயே வெல்லும் இம்முடிவு, மந்திரக்கோலையும் சிறகையும்விட அச்சொல்லின் வேருக்கு நெருக்கமானது.